அமில மழை: மேலே போன புகை கீழே வராமல் இருக்குமா?



நம் மதரஸாவுக்கு ஓத வரும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் என்னிடம், "பள்ளிக்கூடப் புத்தகத்துல அமில மழைன்னு போட்டிருக்கு. அதுல நனைஞ்சா மேலு வெந்து போயிருமா?" என்று கேட்டான். வேகாது. தோலில் பட்டால் எல்லா மழையும் போலத்தான் இருக்கும். கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாமலே கேடு செய்வதால்தான் அதைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ரஹ்மத் என்று நாம் சொல்லும் மழையை நம்பித்தான் ராமநதி, கடனாநதி அணைகளும் நம் வயல்களும் இருக்கின்றன.

அமில மழை என்றால் என்ன?

சுத்தமான மழைநீரிலும் லேசான அமிலத்தன்மை உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு அதில் கரைவதே காரணம். அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. சாதாரண மழை சுமார் 5.6 இருக்கும். அதற்கும் கீழே நன்றாக இறங்கிவிட்டால் அது அமில மழை. இந்தக் கணக்கில் ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடியதாக அர்த்தம்.

காரணங்கள்

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய வாயுக்கள் கிளம்புகின்றன. இவை காற்றில் மாற்றமடைந்து, மேகத்தின் ஈரத்தோடு சேர்ந்து, கந்தக அமிலமாகவும் நைட்ரிக் அமிலமாகவும் இறங்குகின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர் 1852-லேயே இதைக் கண்டு சொன்னார்.

பிறகு ஆலைக்காரர்கள் புகைபோக்கிகளை உயரமாகக் கட்டினார்கள். பக்கத்து ஊர் தப்பித்தது. புகை தூர தேசம் போனது. பிரிட்டனின் புகை நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் மழையாக இறங்கி மீன்கள் அழிந்தன. புகை விட்டவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் வேறொருவர்.

நமக்குக் கிழக்கே தூத்துக்குடியில் 1979-இல் அனல் மின் நிலையம் தொடங்கியது. இன்று அதன் அருகில் வேறு நிலையங்களும் நிலக்கரியை எரிக்கின்றன. ஆனி, ஆடிச் சாரல் நமக்கு மேற்கிலிருந்து மலை தாண்டி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையோ கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே அங்குள்ள புகைபோக்கி நமக்குச் சம்பந்தமில்லாத பொருள் அல்ல.

பாதிப்புகள்

மண்ணிலுள்ள கால்சியம், மெக்னீசியம் சத்துகளை அமிலநீர் கரைத்துக்கொண்டு போய்விடும். மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் வெளிப்பட்டுப் பயிரின் வேரையும் மீனின் செவுளையும் கெடுக்கும். வட இந்தியாவில் சுண்ணாம்பு கலந்த புழுதி அமிலத்தை ஓரளவு முறித்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த செம்மண்ணுக்கும் மலைமண்ணுக்கும் அந்தப் பாதுகாப்பு குறைவு.

கட்டடங்களும் தப்புவதில்லை. ஷாஜஹான் கட்டிய தாஜ்மஹாலின் பளிங்கு ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தான். கந்தக அமிலம் பட்டால் அது ஜிப்சமாக மாறி உதிரும். அதனால் 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அந்தப் பகுதியிலிருந்த 292 ஆலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், முடியாதவை இடம் மாற வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மழையாக இறங்கும் முன்பே இந்த வாயுக்கள் நம் நுரையீரலுக்குள் போகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இதுவே பெரிய தொல்லை.

தடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்கா 1990-இல் சட்டம் போட்டது. அங்குள்ள மின் நிலையங்களின் கந்தகப் புகை இன்று 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பெட்ரோல், டீசலில் கந்தகம் 50-லிருந்து 10 பி.பி.எம். ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் விதித்த கந்தகக் கட்டுப்பாட்டுக்கான கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். இது குறித்து நம் பிரதிநிதிகளிடம் கேட்பது நம் உரிமை.

நாம் செய்யக்கூடியவை

1. நாம் வீணாக்கும் மின்சாரத்திலும் நிலக்கரி இருக்கிறது. ஆளில்லாத அறையில் விசிறி ஓட வேண்டாம். பள்ளிவாசலிலும் தொழுகை முடிந்ததும் கடைசியாகப் போகிறவர் சுவிட்சைப் பாருங்கள்.

2. வசதியுள்ளவர்கள் மாடியில் சோலார் வைக்கலாம். மத்திய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டு இணைப்புக்கு ரூ.78,000 மானியம் உண்டு.

3. குப்பையை, குறிப்பாக டயரையும் பிளாஸ்டிக்கையும், கொளுத்தாதீர்கள். டயரில் கந்தகம் இருக்கிறது, பி.வி.சி. பைப் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். அனல் மின் நிலையத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆனால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை. குப்பையைத் தரம் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

4. பக்கத்துக் கடைக்கு நடந்தோ சைக்கிளிலோ போகலாம். வண்டிக்குக் காலாகாலத்தில் புகைப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவனிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், வரும் ஐப்பசி மழையில் டிரஸ்ட் மாடியில் சுத்தமான பாத்திரம் வைத்து நீர் பிடித்து, பி.எச். தாளில் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வருவான். நிறம் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே இந்த மடலில் தெரிவிப்போம்.

மேலே போகும் புகை எங்கோ ஒருவர் தலையில்தான் இறங்குகிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பேணச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். காற்றைப் பொறுத்தவரை அண்டை வீடு என்பது எண்பது கிலோமீட்டர் தூரத்திலும் இருக்கலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்