வான்வழித் தூரமும் பயண நேரமும்

சேலத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால் நம்மில் பலர் சாலைக் கணக்கையே சொல்வோம். அது ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வான்வழியிலோ 265 கிலோமீட்டர் அளவுதான். இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் தெரிந்தால் நம் வகுப்பில் படிக்கும் திரிகோண கணிதத்தைக் கொண்டே இதைக் கண்டுவிடலாம். பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்திற்குப் பெருவட்டம் என்று பெயர். இரு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அப்பெருவட்டத்தின் ஒரு வில்லே. (வில் என்றதும் எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி நினைவுக்கு வருகிறான். அவன் அம்பு வளைவு கண்டதில்லை. எங்கள் பேருந்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.)

தூரம் கிடைத்துவிட்டது, நேரம்? ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து 2018இல் சென்னைக்கு விமானம் விட்டார்கள். இடையில் நின்றுபோன அது 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. இவ்வழியில் பறந்த ஏ.டி.ஆர். 72 விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம். கால அட்டவணையோ ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்குமுன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பவும் நேரம் வேண்டுமல்லவா? எதிர்காற்று வீசினால் இன்னும் சற்றுக் கூடும்.

விமானமும் செங்குத்தாக ஏறுவதில்லை. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுவதற்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னே சென்றுவிடும். மலைப்பாதைக்கும் இதே நியாயம்தான். 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால், ஆயிரம் மீட்டர் உயர 20 கிலோமீட்டர் சாலை தேவை. மலைச்சரிவில் அவ்வளவு நீளத்தை நேராகப் போட இடமேது? மடித்து மடித்துத்தான் போட வேண்டும். எங்கள் மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இப்படி வந்தவையே.

நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர், சாலையில் 50. சென்னை வழியில் சாலை, வான்வழியைப் போல் ஒன்றே கால் மடங்கு. எங்களுக்கோ இரண்டரை மடங்கு!

விடுதிக்கு நான் விண்ணப்பித்தபோது ஓர் அலுவலகத்தில் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்து, "இருபது கிலோமீட்டர்தானே தம்பி, தினமும் வந்து போகலாமே" என்றார்கள். பேருந்தில் இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து மணி. நேர்கோட்டுத் தூரத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 கிலோமீட்டர். சைக்கிளின் வேகம்கூட இல்லை.

எங்கள் பெரியவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள். ஆயினும் தூரத்தை அவர்கள் மைலில் சொன்னதில்லை. மிளகு மூட்டையோடு இறங்கினால் ஒரு கணக்கு. பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டித் தூக்கி இறங்கினால் வேறு கணக்கு. இரண்டும் பொழுதுக் கணக்குகளே. விமானக் கால அட்டவணை போடுகிறவரும் அவ்வாறே கணக்கிடுகிறார்: புறப்படும் இடத்தில் சக்கரம் அசைந்தது முதல், சேரும் இடத்தில் அது நிற்கும்வரை.