தண்ணீர் டிரம்மில் தொடங்கும் ராஷ்டிரபதி விருது

ராஷ்டிரபதி விருதுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் "ஊருக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "மரக்கன்று நடுவோம், மேடம்" என்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தமானில் எங்கள் லம்பா லைனுக்கு அதைவிட அவசரமான தேவைகள் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுவதுதான் சாரணிய ஆசிரியையான என் வேலையில் பாதி.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஒரு பிள்ளை பிரவேஷ் முடித்து, பிரதம, துவிதீய, திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ராஜ்ய புரஸ்கார் பெற்ற பிறகுதான் ராஷ்டிரபதி விருதை எட்ட முடியும். முடிச்சுப் போடுவது, முதலுதவி, முகாம் இவற்றையெல்லாம் பயிற்சியில் கற்றுவிடலாம். சமூகப் பணி அப்படியல்ல. தெருவில் இறங்கினால்தான் அது பிடிபடும்.

அதனால் முதல் சில வாரங்கள் எதையும் செய்ய நான் அனுமதிப்பதில்லை. கேட்க மட்டும்தான் அனுப்புவேன். விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசுகிறவர்கள் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். பொதுவில் எல்லோருக்கும் இந்தி. வங்காளப் பாட்டியிடம் நம் பிள்ளைகள் போய் "மாஷி, எது உங்களுக்குச் சிரமம்?" என்று கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: தண்ணீர்.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய எங்கள் போர்ட் பிளேருக்குத் தனிக்காரி அணைதான் முக்கியமான நீராதாரம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. ஆனாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பொய்த்தால் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் பிடித்து வைத்தாக வேண்டும். எனவே வீட்டுக்கு வீடு நீல டிரம்கள், அண்டாக்கள், சிமென்ட் தொட்டிகள்.

அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் இடத்தில்தான் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில், கரித்தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகளாக இருக்கலாம். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தால் மட்டும் இவை அழிவதில்லை. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். மருந்து தெளிப்பது சுகாதாரப் பணியாளர் வேலை. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

இப்போது திட்டம் தானாகவே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, இருக்கிற டிரம்களை மூடி, தேய்த்து, பாதுகாப்பாக வைப்பது. இன்னொன்று, கூரைத் தண்ணீரைச் சேமித்து வீட்டின் கஷ்டத்தைக் குறைப்பது.

கூரைக்கு நான் ஒரு கணக்குக் கொடுப்பேன். ஒரு சதுர மீட்டர் தகரத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலமுள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 500 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிதறிப் போனாலும் 400 லிட்டர், அதாவது 200 லிட்டர் டிரம் இரண்டு நிறையும். முதலில் விழும் தண்ணீரில் தூசியும் பறவை எச்சமும் வரும். அதைத் தனியே வடித்துவிட ஒரு குழாய் வேண்டும். இந்தத் தண்ணீர் துவைக்கவும் கழுவவும்; குடிக்க அல்ல என்று எழுதி ஒட்டச் சொல்வேன். கணக்கைப் போட்டுக் காட்டிய பிள்ளையை எந்த வீட்டுக்காரரும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதில்லை.

அடுத்தது தேதி. தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரம் அந்தமானைத் தொடும். மார்ச்சில் தேர்வு. ஆகவே கேட்பதும் அளப்பதும் ஜனவரி, பிப்ரவரியில். தகரக் கால்வாய் மாட்டுவது ஏப்ரலில். அபர்தீன் பஜாரில் குழாய் வளைவு தீர்ந்துவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். தீவில் திட்டமிடுகிறவர்கள் சாமான் பட்டியலை முதலிலேயே எழுதிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டுக்காரரின் சம்மதம், பள்ளித் தலைமையின் அனுமதி, வார்டு உறுப்பினருக்கு ஒரு கடிதம், இவையும் அந்தப் பட்டியலிலேயே சேரும்.

அமெரிக்காவில் ஈகிள் ஸ்கவுட் என்ற உச்சப் படிக்கு 1965 முதல் சேவைத் திட்டம் கட்டாயம். அங்கே வேலையைத் தொடங்கும் முன்பே திட்டத்தை எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் பிள்ளைதான் மற்றவர்களை வழிநடத்த வேண்டும். இந்த இரண்டாவது விதியை நான் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா ஏணியில் ஏறி எல்லாம் மாட்டிவிட்டு மகள் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் அது அப்பாவின் சேவை. ஏணியில் பெரியவர்கள் ஏறட்டும், ஆபத்தான வேலை அவர்களுடையதே. ஆனால் யார் எப்போது வருவது, எந்த வீடு முதலில், தண்ணீர் எங்கே விழ வேண்டும் என்பதை அணித்தலைவிதான் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நாலு பெரியவர்களிடம் "இன்னும் கொஞ்சம் சரிவாக வையுங்கள், அங்கிள்" என்று தயங்காமல் சொல்வதைக் கேட்கும்போது, நான் எந்தப் பாடத்திலும் கற்றுத் தர முடியாத ஒன்று அங்கே நடப்பதாக நினைக்கிறேன்.

பலன் கிடைத்ததா என்பதற்கும் கணக்கு வேண்டும். தொடங்கும்போது பார்த்த பாத்திரங்களில் எத்தனையில் புழு இருந்தது, மழை தொடங்கிய பிறகு எத்தனையில் இருக்கிறது, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை குறையாவிட்டால் அதையும் அப்படியே எழுத வேண்டும். விருது வந்தபின் யார் வாரா வாரம் நினைவூட்டுவார்கள் என்பதற்குத் தெருவிலேயே ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த வரி காலியாக இருக்கும் திட்டத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், "போட்டோ எடுக்கத்தானே" என்று அனுப்பிவிடாதீர்கள். டிரம்மைத் திறந்து காட்டுங்கள், கேட்கும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள்.