காற்றும் ஒளியும்: புத்தளக் கரையோரத்தின் பருவமாற்றமும் நிலக்காட்சி ஒளிப்படமும்

நிலக்காட்சி ஒளிப்படம் என்பது நிலத்தைப் படமாக்கும் கலை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. தமிழ்ப் பொருளிலக்கண மரபில் பயின்றோர்க்கு இவ்விளக்கம் பாதியளவே உண்மை என்பது புலப்படும். தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கொள்வது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டுமே அங்கு முதற்பொருளாகும். பொழுதினின்று பிரித்தெடுக்கப்பட்ட நிலம் அம்மரபில் ஒரு திணையாவதில்லை. நெய்தலுக்கு எற்பாடு என்னும் சிறுபொழுது உரித்தாக்கப்பட்டிருக்க, பெரும்பொழுது எதுவும் அதற்கெனத் தனியே வரையறுக்கப்படவில்லை. ஆறு பருவங்களும் அதற்கு உரியனவே எனப் பின்வந்தோர் கொண்டனர். கடற்கரைக்கு ஒரு முகம் மட்டும் இல்லை என்னும் உணர்வு இவ்விலக்கணத்துள் பொதிந்திருப்பதாகக் கொள்வதில் தவறில்லை.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தைக் காட்டும் சுற்றுலா விளம்பரப் படங்களையும் நாட்காட்டிப் படங்களையும் நோக்குவோர், அவற்றில் ஒரேயொரு பொழுதையே பெரும்பாலும் காண்பர். வானம் நீலம், கடல் அமைதி, தென்னை அசைவற்று நிற்கின்றது. ஆண்டின் ஏறத்தாழ அரைப்பகுதி காற்றுக்கு இரையாகும் ஒரு கரையிலிருந்து இத்தகைய படங்களே திரும்பத்திரும்ப வெளிவருமாயின், அவை எதையோ மறைக்கின்றன என்று ஐயுறுதல் நியாயமே. மாறும் வானிலையில் இக்கரையைப் படமெடுப்பதற்கு வேண்டிய அறிவு எத்தகையது, அவ்வறிவின்றி எடுத்த படம் எவற்றை இழக்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானிலையை விலக்கும் வழக்கம் ஒளிப்படக்கலையின் இளமையிலேயே தோன்றியது. 1851இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையிற் கண்ணாடித் தகட்டின் பூச்சு உலருமுன்னரே படத்தை எடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். அத்தகடு நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தது. ஆகவே நிலத்துக்குப் போதிய ஒளியைத் தகட்டில் விழச் செய்தால் வானம் அளவுக்கு மிஞ்சிய ஒளியைப் பெற்று, அச்சில் வெறும் வெள்ளைத்தாளாகவே எஞ்சியது. பிரான்சிலே குஸ்தாவ் லெ கிறே 1850களில் கடலை ஒரு தகட்டிலும் முகிலை வேறொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் இணைத்து அச்சிட்டமை இக்குறையை வெல்லும் முயற்சியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இயங்கிய ஸ்கீன், ஸ்கோவன், பிளாத்தே முதலிய நிறுவனங்கள் கண்டியையும் பெருந்தோட்டங்களையும் கொழும்புத் துறைமுகத்தையும் விற்பனைக்குரிய காட்சிகளாக்கின. அக்காலப் படங்கள் பலவற்றில் வானம் வெறுமையாக இருப்பதற்கு அந்நாளில் முகில் இல்லாமை காரணமன்று. தகட்டுக்கு முகிலைக் காணும் கண் இல்லாமையே காரணம். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் பிலிமும் மஞ்சள், சிவப்பு வடிகண்ணாடிகளும் வந்தன. முகில் படத்துள் நுழைந்தது. 1944இல் மறைந்த லயனல் வென்ட்டின் தலைமுறையினர் கீழைநாட்டு ஒளியைத் தம் கண்ணால் நோக்கத் தொடங்கினர். எனினும், நல்ல படத்துக்கு நல்ல வானிலை வேண்டும் என்னும் வணிகக்கூடத்து நம்பிக்கை, அதற்குக் காரணமாயிருந்த தகடு மறைந்த பின்னரும் மறையவில்லை.

இனிப் புத்தளக் கரையின் பொழுதுகளை நோக்குவோம். கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலுக்கும் கிழக்கே ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடைய புத்தளம் களப்புக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். மாவட்டத்தின் தென்முனை ஓரளவு மழைவளம் பெற, சிலாபத்துக்கு வடக்கே செல்லச்செல்ல உலர்தன்மை மிகுகின்றது. மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, நாட்டின் தென்மேற்கிலே பெருமழை பொழிகின்றது. அங்கு மலைச்சரிவுகள் ஈரக்காற்றை மேலே தள்ளிக் குளிரச் செய்கின்றன. புத்தளத்திலோ நிலம் தட்டையானது. காற்றை ஏற்றிவிட மலையில்லை. எனவே அதே காற்று இங்கு மழையின்றி, உப்பையும் மணலையும் சுமந்து செல்லும் வறண்ட வேகமாகவே வருகின்றது. ‘மொன்சூன்’ என்றவுடன் மழையை எதிர்பார்த்துக் கற்பிட்டிக்குச் செல்பவர் ஏமாறுவர். அங்கு படமெடுக்க வேண்டியது காற்றை.

காற்றோ கண்ணுக்குப் புலனாகாதது. அதன் செயலைத்தான் படமாக்க முடியும். கடலோரப் புதர்களின் காற்றுமுகத் துளிர்களை உப்புச்சாரல் கருக்கிவிட, மறுபக்கம் மட்டுந் தழைத்து, அவை எப்போதும் வடகிழக்கே சாய்ந்து நிற்பனபோல் வளர்கின்றன. 2010ஆம் ஆண்டிலிருந்து மாம்புரியில் நிற்கும் காற்றாலைகளும், கற்பிட்டிக் கரைகளிற் பட்டத்தைப் பற்றி நீரிற் சறுக்கும் வெளிநாட்டவரும் அதே காற்றின் புதிய அடையாளங்கள். ஷட்டர் வேகம் இங்கு ஒரு கருத்துத் தெரிவாகின்றது. ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்கில் எடுத்தால் அலைச்சிதறல் கண்ணாடித் துண்டுகள்போல் உறைந்து நிற்கும். 8இல் ஒரு பங்கில் எடுத்தால் தென்னோலைகள் கலைந்து காற்றின் போக்கைக் காட்டும். இவ்விரண்டும் உண்மையே. ஆனால் கருங்கண்ணாடியை வில்லைமுன் பொருத்தி, ஒரு நிமிடம் இரு நிமிடம் எனத் திறந்துவைத்து, யூன் மாதத்துக் கடலைப் பாற்பனிபோல் மழுப்பிவிடும் ஒரு நாகரிகம் இப்போது பரவியுள்ளது. அழகுதான். ஆயினும் அந்நாளில் அக்கரையிற் படகிறக்க வழியின்றி இருந்தவர்களுக்கு அக்கடல் அவ்வாறு இருக்கவில்லை. உடப்பு முதலிய ஊர்களிற் கரைவலை இழுப்பு பொதுவாக அமைதிக் காலத்துக்குரியது. கடல் கொந்தளிக்குங்காற் பலர் வலைகளுடன் வாடி அமைக்கக் கிழக்குக் கரைக்குச் செல்வர். வெறுமையாய்க் கிடக்கும் யூன் மாதத்துக் கரை, ஓவியனின் தனிமைக்காக வெறுமையாகவில்லை. தொழில் அங்கிருந்து இடம்பெயர்ந்தமையால் வெறுமையாயிற்று.

கருவியைக் காக்கும் முறையையும் இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். உப்புச்சாரல் படிந்த வில்லையை உலர்துணியால் துடைப்போர், உப்புப் பளிங்குகளாலேயே அதைக் கீறுகின்றனர். முதலில் ஊதி நீக்கி, நன்னீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றியெடுத்த பின்னரே துடைத்தல் வேண்டும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால், ஈரக்காற்றின் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் ஒடுங்கிப் பார்வையை மறைக்கும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிவெப்பத்தில் வைத்திருந்தால் இத்தொல்லை இல்லை. காற்றுமாதங்களில் அடிவானம் வெளிறித் தோன்றுவதைச் சிவப்புக் கண்ணாடியால் நீக்கிவிடலாம் எனச் சிலர் நம்புகின்றனர். தூரத்து மலையின் நீலமங்கலுக்கு அது உதவும். கடலுப்புத் துணிக்கைகள் பருமனானவை; எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரேயளவிற் சிதறடிப்பவை. ஆகவே அவ்வெண்மை எந்த நிறக்கண்ணாடிக்கும் எளிதில் அடங்காது. அதை நீக்க முயல்வதினும், அப்பருவத்தின் ஒளி அதுவே என ஏற்பது மேல்.

காற்றும் வெயிலும் உப்பளத்துக்கு உயிர். புத்தளம், பாலாவிப் பகுதிப் பாத்திகளிற் கடனீர் ஆவியாகி உப்பு விளைவதற்கு மழையற்ற நாள்கள் தொடர்ந்து வேண்டும். இங்குதான் ஒளிமானி ஏமாற்றுகின்றது. கமரா தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொண்டே ஒளியைக் கணக்கிடும். அதன்படி எடுத்தால் வெள்ளை உப்புக்குவியல் அழுக்குச் சாம்பலாகும். கருமுகில் வெளிறிய சாம்பலாகும். உப்பைப் படமெடுப்போர் கருவி கூறுவதைவிட ஒரு படியோ இரு படியோ ஒளியைக் கூட்டுதல் வேண்டும். மழைமுகிலுக்கு அவ்வாறே குறைத்தல் வேண்டும். கைத்தொலைபேசிகளில் இயங்கும் தன்னியக்கக் கமரா, பல படங்களைக் கணப்பொழுதில் ஒன்றுசேர்த்து, இருளை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தை மட்டுப்படுத்தி, எல்லா வானையும் ஒரே இதமான வானாக்கிவிடுகின்றது. உப்பளத் தொழிலாளி அண்ணாந்து நோக்கி அஞ்சிய முகிலை அப்படத்திற் காணமுடியாது. அவ்வச்சம் கற்பனையன்று. 2024இன் இறுதியிலும் அதன்பின்னரும் பருவந்தவறிப் பெய்த மழையால் உப்பு விளைச்சல் குன்றி, கடல் சூழ்ந்த இந்நாடு 2025இல் வெளிநாட்டு உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. படப்பிடிப்பாளன் ‘என்ன அருமையான வானம்’ என வியக்கும் அதே கணத்தில், பாத்தியருகே நிற்பவனுக்கு ஒரு மாத உழைப்புக் கரைகின்றது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ இடிமழை வருகின்றது. காலை தெளிவாயிருக்கும், நண்பகலின் பின் தலைநிலத்தின்மேல் முகில் கோபுரங்கள் எழும். கற்பிட்டியின் களப்புக்கரையில் கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு இது பெரும்பேறு. மேற்கே சாயும் கதிரவன் முதுகுக்குப் பின்னிருந்து, களப்புக்கு அப்பாலுள்ள கருமுகில் முழுவதையும் செம்பொன்னாக்கும். வானவில்லும் கதிரவனுக்கு எதிர்ப்புறத்திலேயே, அதாவது களப்பின் மேலேயே, தோன்றும். கதிரவன் அடிவானிலிருந்து 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும்போது தரையில் நிற்போர்க்கு மழையிடை வானவில் தென்படாது. எற்பாட்டுப் பொழுது இவ்வகையிலும் நெய்தலுக்குரியதாகின்றது. வானத்தின் நீலத்தை ஆழமாக்கப் பயன்படும் முனைவாக்கக் கண்ணாடியைப் பிழையான கோணத்தில் திருப்பினால் வில் முற்றாக மறைந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க. அழகினும் எச்சரிக்கை முந்தியது: தட்டையான உப்பளத்தில் உயர்ந்து நிற்கும் பொருள் முக்காலியும் அதனருகே நிற்கும் மனிதனுமே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவாயின் கட்டடத்தினுள் செல்வதே அறிவுடைமை.

இக்கரை ஆளற்ற பாழ்நிலமாகப் பலரது படங்களில் தோன்றுவதும் பொழுதை மறந்தமையின் விளைவே. 1990 ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்தின் மணற்காடுகளிற் கிடுகுக் குடிசைகளில் தஞ்சம் புகுந்தபோது, தொடங்கவிருந்தது மழைக்காலம். 1980களிலிருந்து களப்போரக் கண்டற்காடுகளை வெட்டி அமைத்த இறால்குளங்களிற் பல நோயால் கைவிடப்பட்டு, இன்று மழைநீர் தேங்கி வானத்தை அழகாகப் பிரதிபலிக்கின்றன. அப்பிரதிபலிப்பு மட்டும் படமாகும்போது காடு அழிந்த கதை படத்தின் விளிம்புக்கு வெளியே நின்றுவிடும்.

ஒளிப்படம் சான்றாகக் கொள்ளப்படும்போது பருவத்தின் பங்கு இன்னும் கூர்மையடைகின்றது. நுரைச்சோலையில் 2011இல் முதல் அலகு இயங்கத்தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று வலுவை எட்டிய லக்விஜய அனல்மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கான நிலக்கரியைத் தென்மேற்குப் பருவக்காலத்துக் கொந்தளிப்பில் ஆழ்கடற் கப்பல்களிலிருந்து இறக்க இயலாது. அமைதிக் காலத்திலேயே இறக்கிக் கரையிற் குவித்துவைத்தல் வேண்டும். பின்னர் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் மாதங்களில் அக்குவியல் அங்கே கிடக்கின்றது. கரித்தூசு பற்றி அயற்கிராம மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். ஜனவரியில் வடகிழக்குக் காற்று கடலை நோக்கி வீச, அதே இடத்தில் எடுத்த படம் மாசற்ற வானைக் காட்டக்கூடும். அப்படம் பொய்யன்று. ஆயினும் அதை யூலையின் முறையீட்டுக்கு மறுப்பாகக் காட்டுவது பொய்யாகும்.

கடலரிப்பிலும் இதே நிலைதான். வெண்ணப்புவை, மாரவில, சிலாபம் வழியே கடல் நிலத்தை விழுங்குவதையும், ஆற்று மணல் அகழ்வு அதனை விரைவுபடுத்துவதையும் யாவரும் அறிவர். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் முதலாகப் பல ஏற்பாடுகள் உள்ளன. கருங்கல் அணைகளும் உள்ளன. ஆனால் தென்மேற்குப் பருவத்தின் வன்மையான அலைகள் கரை மணலை அள்ளிச்செல்ல, அமைதிக் காலத்து அலைகள் அதிற் பெரும்பகுதியை மீட்டுத் தருகின்றன. ஒரு பெப்ரவரிப் படத்தையும் பின்னொரு யூலைப் படத்தையும் அருகருகே வைத்து அழிவைக் காட்டுபவர் பருவமாற்றத்தையே காட்டுகின்றார். எதிர்த்தரப்பார் அதைக்கொண்டே உண்மையான அரிப்பையும் மறுத்துவிடுவர். ஒரே மாதம், ஒரே இடம், ஒரே வில்லை, ஒத்த வற்றுப்பெருக்கு நிலை ஆகியவற்றிற் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த படவரிசையே வாதத்தில் நிற்கும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயான வேறுபாடு ஒரு மீற்றருக்குக் குறைவாகையால் இதைச் செய்வது கடினமன்று. அசையாத ஓர் அடையாளம், ஒரு கிணற்றுக்கட்டோ ஆலயச் சுவரோ, சட்டகத்துள் இருத்தல் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கித் தெதுறு ஓயா பெருக்கெடுத்தபோது, சிலாபத்தையும் சூழவுள்ள ஊர்களையும் வெள்ளம் மூடியதைப் பொதுமக்களே தம் கைத்தொலைபேசிகளிற் பதிவுசெய்தனர். மிகக் கொடிய வானிலையின் படப்பிடிப்பாளர்கள் இன்று அவர்களே. செய்திச் செயலிகள் வழியே கைமாறும் படத்திலிருந்து எடுத்த நேரமும் இடமும் பற்றிய உட்குறிப்பு பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது; ஓராண்டு கழிந்தபின் எந்த ஊரின் எந்த வெள்ளம் என அறிய வழியில்லை. பழைய அச்சுப்படங்களின் முதுகிற் பென்சிலால் எழுதிய குறிப்புகள் ஆய்வாளர்க்கு இன்றும் உதவுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இம்மாவட்டத்து மாணவரைக்கொண்டு அப்படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஊர், நாள், மணி, கமரா நோக்கிய திசை, அன்றைய காற்று வாடையா கச்சானா என்பது ஆகிய ஐந்தையும் எடுத்தவரிடமே கேட்டு எழுதிவைக்கலாம். செலவு ஒரு குறிப்பேடு மட்டுமே. எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும் காலத்துக்குள் அது தொடங்கப்பட வேண்டும்.