துணைவேந்தர் தெரிவும் அதன் சிக்கலும்

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் ஊராகிய தேவாரத்தில் தங்கியிருந்தபோது, ஏலக்காய் வாணிகம் செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் திண்ணையிலிருந்து நம்மை அழைத்து, "தம்பி, ஒங்க பட்டத்துல கையெழுத்துப் போடுற பெரியவரு யாருப்பா?" என்று வினவினார். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நமக்கு அவ்வெளிய வினாவுக்கு விடை கூற இயலவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர் முந்திய ஆண்டே பதவி துறந்துவிட்டார். அவரிடத்தில் கன்வீனர் குழுவொன்று அலுவல் பார்த்து வந்தது. ஒரு குழுவைப் "பெரியவர்" என்று சொல்லுதல் எங்ஙனம்? இதனை அவருக்கு விளக்கப் புகுந்து நாமும் பலவற்றை அறியலானோம். அவற்றை நம் கலாசாலை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை எழுந்தது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1966-இல் தொழிற்படத் தொடங்கி, 1978-இல் காமராசர் பெயரைப் பூண்டது. போடிநாயக்கனூர் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், உத்தமபாளையத்து ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் அதன் நிழலில் வளர்ந்தவை. அதன் முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவருக்குப் பின் டாக்டர் மு. வரதராசனாரும், பின்னாளில் வ. சுப. மாணிக்கனாரும் அப்பீடத்தை அணி செய்தனர். ஆதலின் தமிழ் பயிலும் நம்மனோர்க்கு அந்நாற்காலியின்மேல் ஒருவகை உரிமைப் பற்று உண்டு. பிற துறை மாணாக்கர் இதனைப் பொறுத்தருள்க.

இனித் தெரிவு முறையைக் காண்போம். பல்கலைக்கழகத்தின் வேந்தர் மாநில ஆளுநரே. பேரவையார் ஒருவரையும், ஆட்சிக்குழுவாகிய சிண்டிகேட்டார் ஒருவரையும், வேந்தர் ஒருவரையும் நியமிக்க, இம்மூவரும் கூடித் தேடற்குழு ஆவர். அவர்கள் பல்கலைக்கழக அமைப்புக்களில் உறுப்பினராயிருத்தல் ஆகாது. அவர்கள் மூன்று பெயர்களை எழுதித் தருவார்கள். அவற்றுள் ஒன்றை வேந்தர் தெரிந்தெடுப்பார். அவ்வாறு அமர்ந்தவர் மூன்றாண்டு பணியாற்றுவார். ஏட்டளவில் இதனினும் எளிய ஏற்பாடு வேறில்லை.

ஆயினும் நடந்தது வேறு. 2012-இல் நியமனம் பெற்ற கல்யாணி மதிவாணன் அம்மையார், பல்கலைக்கழக மானியக் குழுவார் வகுத்தபடி பத்தாண்டு பேராசிரியப் பணி புரிந்தவரல்லர் என வழக்கு எழுந்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தார் அந்நியமனம் செல்லாது என்றனர். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தார் அது செல்லும் என்றனர். மானியக் குழுவாரின் 2010-ஆம் ஆண்டு விதிகள் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயமாய்ப் பிணிப்பன அல்ல என்பது அவர்கள் கொண்ட முடிபு. இவ்வழக்கைப்பற்றி இவ்வளவு போதும்.

நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது இரண்டாவது வழக்கையே. 2017-இல் பி. பி. செல்லத்துரை அவர்கள் துணைவேந்தராயினார். 2018 ஜூன் 14-ஆம் நாள், தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி அம்மையாரும் நீதிபதி அப்துல் குத்தூஸ் அவர்களும் அந்நியமனத்தை நீக்கி, புதிதாய்க் குழு அமைத்துத் தெரிவை முதலிலிருந்து நடத்துக என ஆணையிட்டனர். பதவி இழந்தவர் ஒருவரே எனினும், பிழை அவர் தகுதியோடு நின்றுவிடவில்லை. விண்ணப்பித்தோருடைய தகுதிகளைத் தேடற்குழுவினர் ஒன்றோடொன்று வைத்து முறைப்படி ஆராய்ந்திலர் என்பதே தீர்ப்பின் உட்கிடை. மூன்று பெயர்கள் எழுதப்பட்டன. ஆனால் அம்மூன்றும் ஏன், ஏனையவை ஏன் அல்ல என்பதற்கு விடையில்லை. நம் கருத்தில் இது சிறு குறையன்று. தேடுதல் என்னும் செயலே நிகழவில்லை. தேடியதற்கு அடையாளமாக ஒரு தாள் மட்டுமே எஞ்சியது.

இதனைத் தேவாரத்துப் பெரியவருக்கு உரைத்தபோது அவர் சிரித்தார். "போடியில ஏலம் போடுறப்ப மொதல்ல சாம்பிளக் காட்டுறாகல்ல தம்பி?" என்றார். ஆம்; ஸ்பைசஸ் போர்டார் நடத்தும் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே கேரளத்துப் புத்தடியிலும் நடைபெறுகிறது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த காய் வாங்குவோர் கையில் வருகிறது. நிறம் பார்ப்பர், பருமன் பார்ப்பர், உரித்து வித்தை முகர்வர். அதன் பின்னரே கணிப்பொறியில் விலை ஏறும். விலை போதாதென மனத்தாங்கல் கொள்ளும் தோட்டக்காரர் உண்டு. காயைப் பாராமலே விலை வைத்தார்கள் என்று சொல்வதற்கு மட்டும் இடமிராது. ஒரு மூட்டை ஏலக்காய்க்குக் கிடைக்கும் இச்சிறு மரியாதை, கல்வியிற் பழுத்த விண்ணப்பதாரருக்குக் கிடைத்தல் வேண்டாவோ?

நிற்க. தீர்ப்பின் பின் ஏறக்குறைய அரையாண்டு கழிந்தே எம். கிருஷ்ணன் அவர்கள் பதவியேற்றார். அவரும் 2021-இல் திருவாரூரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2022-இல் வந்த ஜே. குமார் அவர்கள் 2024-இல், தவணை முடியுமுன்பே விலகினார். இதற்கிடையில் பல்கலைக்கழகத்தின் பணமுட்டுப்பாடு முற்றி, ஊதியமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் நின்று, பணியாளர் தெருவில் நின்று முறையிடும் நிலையும் வந்தது. தலைவன் நிலைத்திருந்தால் பணம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்திருப்பார்.

பின்னர்ப் பூசல் வேறிடம் பெயர்ந்தது. யாரைத் தெரிவது என்பது போய், தெரிவோர் யாவர் என்பதே வழக்காயிற்று. மானியக் குழுவார் 2018-இல் வெளியிட்ட விதிகளின்படி, தேடற்குழுவில் அவர்களுடைய ஆள் ஒருவர் இருத்தல் வேண்டும். 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தார், நம் மலைக்கு அப்புறமுள்ள கேரளத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை நீக்கினர். அங்கே குழுவினர் பல பெயர்களுக்கு மாறாக ஒரே பெயரைத் தந்திருந்தனர். 2023 செப்டம்பரில் அந்நாள் ஆளுநர் ஆர். என். ரவி அவர்கள், சென்னை, பாரதியார், ஆசிரியர் கல்வியியல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் மானியக் குழுவின் ஆளையும் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார். மாநில அரசினர் அவரை நீக்கி வேறு அறிவிக்கை வெளியிட்டனர். 2024 ஜனவரியில் ஆளுநர் தம் அறிவிக்கையை மீட்டுக்கொண்டார். குழுவும் இல்லை, துணைவேந்தரும் இல்லை.

2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தார், ஆளுநரிடம் தேங்கிய பத்து மசோதாக்கள் இசைவு பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றனர். துணைவேந்தரை நியமிக்கும் உரிமையை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் அவற்றுள் அடங்கும். மே 21-இல் சென்னை உயர் நீதிமன்றத்தார் அவ்வுரிமை மாற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தனர். நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றத்து ஐவர் அமர்வு, இசைவு பெற்றதாகக் கொள்ளுதல் அரசியலமைப்புக்கு ஒவ்வாது எனக் கருத்துரைத்தது. மே மாதத்துத் தடை வரையில் நாம் எடுத்துச் சொல்லி முடித்ததும், "அப்ப, ஆளைத் தேட ஆளைத் தேடிக்கிட்டிருக்காக" என்று பெரியவர் வெற்றிலையை மடித்தார்.

இருதிறத்தார் வாதத்திலும் உண்மை இல்லாமலில்லை. மாநிலம் பொருள் தந்து நடத்தும் கல்விநிலையத்தில் மக்கள் தெரிந்த அரசுக்குச் சொல் வேண்டும் என்பதும் நியாயமே; ஆளுங்கட்சியின் நிழல் படாத ஒருவர் குழுவில் இருக்கட்டும் என்பதும் நியாயமே. ஆயினும் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புச் சுட்டிய குறையை இவ்விருவரும் மறந்துவிட்டனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. நான்காவது ஆள் வந்தமர்ந்தாலும், நால்வரும் ஆராயாமல் கையெழுத்திடுவராயின் பயன் என்னை?

இத்தகைய தோல்வி நம் நாட்டுக்கே உரியதன்று. அமெரிக்காவில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் தருமகர்த்தர்கள் 2025 மே 27-இல் சாந்தா ஓனோ என்பாரை ஒருமனதாய்த் தலைவராகத் தெரிந்தனர். மாநில உயர்கல்வி ஆளுகைக் குழுவினர் ஜூன் 3-இல் அவரை முன்னிறுத்தி நெடுநேரம் வினவி, ஆறுக்குப் பத்தாக மறுத்துவிட்டனர். கேள்விகளில் அரசியல் வாடை வீசியதென்று பலர் சினந்தனர். நமக்கும் அது உவப்பன்று. எனினும் கேட்ட கேள்வியும், சொன்ன விடையும், யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பதும் ஊரறிய நிகழ்ந்தன. சினப்பதற்கேனும் அங்கே ஒரு பொருள் கிடைத்தது.

நமது பல்கலைக்கழகத்துக்கு அடுத்த தேடற்குழு யாரால் அமைக்கப்படினும், அதனிடம் மாணாக்கர் கேட்கத்தக்கது பெரிதன்று. விண்ணப்பித்தோர் எத்துணையர், எவ்வளவைகளால் அளக்கப்பட்டனர், மூவர் ஏன் முன்வந்தனர் என்பவற்றை ஒரு குறிப்பாக எழுதி, நியமன ஆணையோடு சேர்த்து வெளியிடுதல். இரண்டு பக்கத் தாளில் அடங்கும் வேலை அது. அதற்குப் புதுச் சட்டமும் வேண்டா. வேந்தரும் அரசினரும் உடன்பட்டாற் போதும்.