உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது? பட்டியல் இருக்கிறதா?

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை புரோகிராம்கள் உள்ளன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? பத்து, பதினைந்து என்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் கணக்கு அதைத் தாண்டிப் போகும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கே இப்படி என்றால், ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் நிறுவனத்தில் எப்படி இருக்கும்? அந்தக் கணக்கை எழுதும் வேலையில் நான் மாட்டிக் கொண்ட கதை இது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

யாருக்கும் பிடிக்காத வேலை

இன்ஜினியரிங் முடித்து வேலைக்குச் சேர்ந்ததும் புரோகிராம் எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்ததோ ஓர் எக்ஸெல் பைல். நிறுவனத்தில் இயங்கும் எல்லா அப்ளிகேஷன்களையும் அதில் பதிய வேண்டும்.

வண்டி வாங்கினால் ஆர்.சி. புத்தகம் எடுக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு பதிவு எண், என்ன வேலை செய்கிறது, எந்தத் துறைக்கு உரியது, எந்த சர்வரில் இயங்குகிறது, எந்த வெர்ஷன், லைசென்ஸ் முடியும் நாள், இதற்கெல்லாம் பொறுப்பாளர் யார் என்ற விவரங்களை நிரப்ப வேண்டும்.

ஒவ்வொரு துறைக்கும் போன் செய்தால் "அடுத்த வாரம் அனுப்புகிறோம் தம்பி" என்பார்கள். அந்த அடுத்த வாரம் வரவே வராது. சில இடங்களில் பொறுப்பாளர் பெயர் கிடைக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் மேலாளர் கேட்பாரே என்று, பழைய பட்டியலில் இருந்த பெயர்களை அப்படியே காப்பி செய்து ஒட்டினேன். அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

அந்த வெள்ளிக்கிழமை

2021 டிசம்பர் 9 அன்று லாக்4ஜே என்ற சாப்ட்வேரில் உள்ள பெரிய ஓட்டை உலகுக்குத் தெரிய வந்தது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட புரோகிராம்கள், தாம் செய்யும் வேலைகளைக் குறித்து வைக்கப் பயன்படுத்தும் சின்னஞ்சிறு துணை சாப்ட்வேர் இது. வெளியிலிருந்து ஒருவர் குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை அனுப்பி, அது குறிப்பில் பதிவானால் போதும். வேறு இடத்திலிருந்து திருட்டுப் புரோகிராமை இறக்கி, அந்த சர்வரிலேயே இயக்க முடியும். ஆபத்தின் அளவாக இதற்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண் 10க்கு 10.

மறுநாள் காலை எங்கள் எல்லோருக்கும் வந்த கேள்வி ஒன்றுதான்: "நம்மிடம் இது எங்கெல்லாம் இருக்கிறது?" கேள்வி எளிது, பதில் கடினம். ஏனென்றால் லாக்4ஜேயை யாரும் தனியாக இன்ஸ்டால் செய்வதில்லை. அது வேறு அப்ளிகேஷன்களுக்குள் சேர்ந்தே வருகிறது. கடையில் வாங்கிய பலகாரத்தில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?

அன்றுதான் என் எக்ஸெல் பைலுக்கு மரியாதை வந்தது. ஜாவாவில் எழுதியவை, இன்டர்நெட்டில் திறந்திருப்பவை என்று வடிகட்டினோம். பொறுப்பாளர்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். சனிக்கிழமை இரவு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சப்ளையர்கள் பில் அனுப்பும் சின்ன அப்ளிகேஷன். பொறுப்பாளர் என்று பதிவில் இருந்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் ஒட்டிய பெயர்களில் அதுவும் ஒன்று.

பழைய நண்பர்களிடம் கேட்டு அவருடைய எண்ணைப் பிடித்தோம். வேறு நிறுவனத்தில் இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போனை எடுத்து சர்வரின் விவரத்தைச் சொன்னார். இன்டர்நெட்டுக்கு அகலத் திறந்து கிடந்தது அது. உடனே நிறுத்தினோம். நல்ல வேளை, யாரும் உள்ளே நுழைந்த தடயம் இல்லை.

14.7 கோடி பேர்

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமைவதில்லை. மக்களின் கடன் விவரங்களைச் சேகரித்து வைக்கும் அமெரிக்காவின் ஈக்விபேக்ஸ் நிறுவனத்தில் 2017ல் நடந்ததைப் பாருங்கள். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாப்ட்வேரில் ஓட்டை இருப்பதாக மார்ச் மாதமே எச்சரிக்கை வந்தது. திருத்தமும் இலவசமாகக் கிடைத்தது. நிறுவனத்துக்குள் இமெயிலும் அனுப்பினார்கள். ஆனால் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் பழையது. திருத்தத்தைப் போட வேண்டியவர்களுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. மே மாதம் நுழைந்த திருடர்களை ஜூலை இறுதியில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயின.

இதைப் படித்தபோது எனக்கு என் பைல்தான் நினைவுக்கு வந்தது. பட்டியல் இருந்தால் மட்டும் போதாது. அதில் உள்ள பெயர் இன்றைக்கும் சரியாக இருக்க வேண்டும். இப்போது நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் "இது இன்னும் உங்களுடையதுதானா?" என்று கேட்கிறோம்.

வீட்டுக்கு ஒரு பதிவேடு

இதையே உங்கள் கம்ப்யூட்டருக்கும் செய்யலாம். ஒரு மணி நேர வேலைதான்.

1. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ், பிறகு இன்ஸ்டால்டு ஆப்ஸ் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 10ல் இது ஆப்ஸ் அண்ட் பீச்சர்ஸ் என்று இருக்கும். முழுப் பட்டியலும் கிடைக்கும்.

2. ஒரு நோட்டில் கட்டம் போடுங்கள். புரோகிராமின் பெயர், எதற்காக, வீட்டில் யார் போட்டது, எந்த இமெயில் முகவரியில் பதிவு செய்தது, லைசென்ஸ் எண், அது முடியும் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். நோட்டு ஏன் என்கிறீர்களா? ஹார்ட் டிஸ்க் பழுதானால் அதில் இருக்கும் பட்டியலும் சேர்ந்தே போய்விடும்.

3. "யார் போட்டது" என்ற கட்டத்தில் வீட்டில் ஒருவர் பெயரும் வராத புரோகிராம்களைத் தனியே குறித்துக் கொள்ளுங்கள். விசாரித்த பிறகு, தேவையில்லாதவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

4. அவசரப்பட்டு எல்லாவற்றையும் நீக்காதீர்கள். விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்ற பெயர் உள்ள சில வரிகள் இருக்கும். அவை மற்ற புரோகிராம்கள் இயங்கத் தேவையான துணை சாப்ட்வேர்கள்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து சரி பாருங்கள். நிறுவனமே ஆதரவை நிறுத்திவிட்ட சாப்ட்வேருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

நான் முதலில் பதிவேடு போட்டது என் அப்பாவின் பழைய கம்ப்யூட்டருக்கு. 2020 டிசம்பரோடு அடோப் கைவிட்ட ப்ளாஷ் பிளேயர் அதில் இன்னும் குடியிருந்தது. "யார் போட்டது" என்று கேட்டேன். "நீதானே காலேஜில் படிக்கும்போது போட்டாய்" என்றார் அப்பா.