கரிசல் மண்ணில் வளவு வீடுகள்

கோவில்பட்டியிலும், அதன் தெற்கே ரயில் பாதையோரம் அமைந்த கடம்பூரிலும், பல குடித்தனங்கள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்து வாழும் வளவு வீடுகள் விலைக்கு வரும் செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவுவதால், வாங்க விரும்புவோர் தரகரோடு நில்லாது, அங்கே குடியிருப்போரிடமும் விசாரித்தல் அவசியம். ஆறு குடித்தனங்கள் மாதம் 3,000 ரூபாய் வீதம் தருவதாகக் கொண்டால் ஆண்டு வருமானம் 2,16,000 ரூபாய். வீட்டு வரி, பழுது, காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவற்றுக்குக் கால்பாகம் கழித்து எஞ்சும் 1,62,000 ரூபாயைக் கொண்டே விலையை நிர்ணயிக்க வேண்டும்.

ஆயினும் இப்பிரதேசத்தில் கணக்கினும் முக்கியமானது மண். மழையில் உப்பியும் கோடையில் சுருங்கியும் சுவரைப் பிளக்கும் சுபாவமுடைய கரிசலின்மேல், ஆழமற்ற அஸ்திவாரத்தில் எழும்பிய கட்டடம், புதிதாக வெள்ளையடித்த தோற்றத்தால் கண்ணை மயக்கக்கூடும். ஆதலால், நிலம் வெடித்துக் கிடக்கும் சித்திரை வைகாசியில் ஒருமுறையும், ஐப்பசி மழைக்குப் பின் ஒருமுறையும் சென்று, நிலைகளின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கீறல்களைப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பது உத்தமம்.

மண்ணோடு ஆவணங்களையும் ஆராய வேண்டும்; எனினும் பதிவு செய்யாத ஒத்தி, வில்லங்கச் சான்றில் தெரியாது. ஒத்திக்கு இருப்பவர் வாடகை தரமாட்டார் என்பதோடு, அவர் கொடுத்திருக்கும் தொகையைத் திருப்பும் பாரமும் வாங்குபவர்மேல் விழக்கூடும். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருப்பதால், நெடுங்காலம் குடியிருக்கும் தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களோடும் அதனை முறையாக எழுதிக்கொள்ள வேண்டும்.