சத்திரம் (வழிப்போக்கர் விடுதி)

சத்திரம் என்பது நெடுந்தொலைவு செல்லும் வழிப்போக்கர்கள் கட்டணமின்றியோ சிறு தொகைக்கோ தங்கிச் செல்வதற்காகச் சாலையோரங்களிலும் கோயில் ஊர்களிலும் கட்டப்பட்ட அறவிடுதி ஆகும். மயிலாப்பூரில் இன்று சத்திரம் என்றால் பலருக்கும் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும். பழைய பொருளை ஊர்ப்பெயர்கள் காட்டுகின்றன. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரத்தைக் கடந்தால் பாலுசெட்டி சத்திரம். நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற காலத்தில் பொழுது சாய்ந்தால் திண்ணையும் கிணறும் அடுப்பும் கிடைத்த இடங்கள் இவை.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றி விரிவான சான்று உள்ளது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக அமைந்த இவற்றுள் பல, அரச குடும்பத்தோடு தொடர்புடைய பெண்களின் பெயரைக் கொண்டவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரமும் குறிப்பிடத்தக்கவை. அன்றாடச் செலவுக்கு நிலங்கள் மானியமாக விடப்பட்டிருந்தன.

1799-இல் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திர நிலங்களும் போய்விடுமோ என்று கவலைப்பட்ட சரபோஜி, 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சாதியினருக்கும் சோறு போடப்படுகிறது. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகைப் பொருள்களும் தரப்படுகின்றன. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர்கள் அழைக்கப்படுகிறார்கள் என்கிறது அக்கடிதம். நோயுற்றவர்களுக்கு மருத்துவமும், வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் உண்டு என்றும் கூறுகிறது. தம் அறத்தைக் காக்க மன்னர் எழுதிய விண்ணப்பம் என்பதால் சற்றே மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் நள்ளிரவு மணி போன்ற விவரம் கற்பனையில் எளிதில் வராது.

எல்லாச் சத்திரங்களும் இப்படித் திறந்திருக்கவில்லை. பல, குறிப்பிட்ட சாதியினருக்கு மட்டுமே இடம் கொடுத்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வாசலிலேயே மறுப்பு. இத்தகைய பொதுத் தங்குமிடங்களில் தீண்டாமை காரணமாக இடம் மறுப்பதை 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது.

ரயில் வந்தபின் நடைவழிச் சத்திரங்களின் தேவை குறைந்தது. புதிய சத்திரங்கள் ரயில் நிலையங்களை நாடின. சென்னை சென்ட்ரல் அருகிலுள்ள சவளை ராமசாமி முதலியார் சத்திரம் அவற்றுள் ஒன்று. மதுரையிலோ ரயிலே சத்திரத்தைத் தேடி வந்தது எனலாம். 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சத்திரம் அந்நகர ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ளது.